வீடு மாறும்முன் குண்டுமல்லியைக் கையோடு கொண்டுபோக: குச்சி நடுவதும் பதியன் போடுவதும்

வீடு காலி செய்யும் தேதி முடிவாகிவிட்டால், அட்டைப்பெட்டி சேர்ப்பதற்கு முன்பே தோட்டத்தில் ஒரு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வருஷக்கணக்காகப் பூக்கிற மல்லிகைப் புதரைக் கடைசி வாரத்தில் தோண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். தோண்டும்போது தண்ணீரை உறிஞ்சும் நுனி வேர்களில் பெரும்பகுதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மேலே உள்ள இலைகள் மட்டும் வழக்கம்போலத் தண்ணீர் கேட்கும். அதனால்தான் வயதான புதர், வண்டியில் ஏறும்போது பச்சையாக இருந்து பத்து நாளில் காய்ந்துபோகிறது.

தாய்ச்செடியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு அதன் குச்சிகளை வேர்பிடிக்க வைத்துக் கொண்டுபோவதே நம்பகமான வழி. அடுக்கு இதழ் உள்ள குண்டுமல்லி பெரும்பாலும் விதை பிடிக்காது. நாம் பார்க்கும் செடிகள் எல்லாமே ஏதோ ஒரு தாய்ச்செடியின் குச்சியிலிருந்தோ பதியனிலிருந்தோ (கொம்பை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது) வந்தவைதான். ஆகவே நீங்கள் கொண்டுபோகப் போவது அதே செடி. பூவின் அடுக்கு, மணம், மொட்டின் பருமன் எதுவும் மாறாது.

எத்தனை நாள் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்

மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் குச்சி, பதியன் இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்கும். வாடகை வீட்டில் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் ஒன்றிலிருந்து இரண்டு மாதம். அப்போது குச்சியே முதன்மை. குச்சி வேர்பிடிக்க ஐந்தாறு வாரம் ஆகும் என்பதால் கிளம்பும் நாளில் இளவேரோடு இருக்கும், கவனமாகத் தூக்கிப்போகலாம். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாலும் இப்போதே நட்டுவிடுங்கள். நட்ட பையோடு அசைக்காமல் எடுத்துப்போய், மீதி நாட்களைப் புது வீட்டில் கழிக்க விடலாம். இரண்டே நாள் என்றால் வழி வேறு, அது கீழே வருகிறது.

பருவமும் முக்கியம். ஆடி முதல் ஐப்பசி வரை காற்றில் ஈரம் இருக்கும், வெப்பமும் மிதமாக இருக்கும், குச்சி சுலபமாகப் பிடிக்கும். மல்லிகையைக் கவாத்து செய்யும் (கிளைகளை வெட்டிக் குறைக்கும்) கார்த்திகை மாதத்திலும் நல்ல குச்சி நிறையக் கிடைக்கும், ஆனால் மார்கழிக் குளிரில் வேர்விடுவது இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். கத்தரி வெயில் காலம்தான் கடினம். செடி முழுப் பூப்பில் இருக்கும், சத்தெல்லாம் மொட்டுக்குப் போகும், நட்ட குச்சியும் சீக்கிரம் வாடும். அந்தச் சமயத்தில்தான் வீடு மாற வேண்டியிருக்கிறது என்றால் இரு மடங்கு குச்சி நடுங்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: புது வீட்டில் நாலு செடி வேண்டும் என்றால் பன்னிரண்டு குச்சி நட வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பாதிதான் வேர்பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒன்றிரண்டு பயணத்தில் போகும்.

குச்சி: எது, எங்கே, எப்படி வெட்டுவது

வெற்றி தோல்வியில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. மல்லிகைக் கொம்பு ஒன்றைக் கையில் எடுத்து நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். நுனியில் தண்டு பளபளப்பான பச்சையாக, மெல்லிய ரோமத்தோடு, வளைத்தால் துவளும்படி இருக்கும். அது வேண்டாம், வேர் வருவதற்குள் அழுகிவிடும். அடியில் சாம்பல் கலந்த பழுப்பாக, மரம்போல இறுகியிருக்கும். அதுவும் வேண்டாம், வேர்விட ரொம்ப நாள் எடுக்கும். நடுவில், பச்சைத் தோலில் பழுப்புக் கீற்றுகள் ஓடத் தொடங்கியிருக்கும் பகுதிதான் நமக்கு வேண்டியது. வளைத்தால் கொஞ்சம் வளையும், இன்னும் அழுத்தினால் 'டக்'கென்று ஒடியும். தடிமன் 4 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

பூத்துக்கொண்டிருக்கும் கொம்பை விட்டுவிட்டு மொட்டில்லாத கொம்பாகப் பாருங்கள். இலையின் அடியிலும் கணு (தண்டில் இலை முளைக்கும் இடம்) இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி இருந்தால் அந்தக் கொம்பைத் தொடவே வேண்டாம். நட்ட குச்சிகளைப் பிறகு பாலித்தீன் தாளால் மூடிவைப்போம், ஈரக்காற்று அடைபட்ட அந்தக் கூடாரத்துக்குள் பூச்சி ஒரே வாரத்தில் எல்லாக் குச்சிக்கும் பரவும்.

முந்தின நாள் மாலை தாய்ச்செடிக்கு நிறையத் தண்ணீர் விட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் வெட்டுங்கள், தண்டில் நீர் நிறைந்திருக்கும் நேரம் அது. கத்திரியையோ புது பிளேடையோ ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்திரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

ஒவ்வொரு குச்சியும் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், மூன்று அல்லது நான்கு கணு. அடிவெட்டு ஒரு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே, நேராக இருக்கட்டும். வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டியே கிளம்பும், அதனால் கணுவுக்குக் கீழே நீளமாக விட்டால் அந்த வால் அழுகும். மேல்வெட்டு ஒரு கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, சாய்வாக. சாய்வாக வெட்டினால் தண்ணீர் தங்காது, எது தலை எது கால் என்ற குழப்பமும் வராது. தலைகீழாக நட்ட குச்சி பிழைக்காது.

கீழ் இரண்டு கணுக்களில் உள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மேலே ஒரு ஜோடி இலை மட்டும் இருக்கட்டும், அதிலும் ஒவ்வொரு இலையையும் குறுக்காகப் பாதி வெட்டிவிடுங்கள். இலையே இல்லாவிட்டால் வேருக்கான சத்து உருவாகாது, அதிகம் இருந்தால் குச்சி வறண்டுவிடும். வெட்டியவற்றை உடனே ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் நட்டுவிடுங்கள்.

நடும் கலவை

ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று உற்பத்தி பெரிய தொழில். அங்கிருந்து வெளிமாநிலங்களுக்கும் நாற்று போகிறது. அங்கே குச்சிகள் வேர்பிடிப்பது கடலோர மணற்பாங்கான மண்ணில்தான். ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது, காற்று உள்ளே போய்வர வேண்டும். மல்லிகைக் குச்சி கேட்பது அவ்வளவுதான்.

வீட்டில் அதற்குச் சமமான கலவை: கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு. பன்னிரண்டு சின்னப் பைகளுக்கும் சேர்த்து நார்த்தூள் 3 லிட்டர், மணல் 3 லிட்டர் எடுத்தால் சரியாக இருக்கும். கடையில் கிடைக்கும் 650 கிராம் நார்த்தூள் கட்டி ஊறினால் சுமார் 8 லிட்டர் வரும், ஒன்றே போதும். அதில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து என்று மூன்று முறை அலசுங்கள்.

ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) அப்படியே போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கல்தூள் சிமெண்டு பூசினதுபோல இறுகி வடிகாலை அடைக்கும். சல்லடையில் சலித்து, தூசி போகும்வரை கழுவி, தங்கும் குறுணையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்புழு உரம், சாணி, யூரியா எதையும் இப்போது சேர்க்க வேண்டாம். வேரில்லாத குச்சிக்கு உரத்தால் பயனில்லை, அழுகல் கிருமிக்குத்தான் அது தீனி.

4 அங்குல அகலம், 6 அங்குல உயரமுள்ள கறுப்பு நாற்றுப்பை வசதியானது. கழுவின அரை லிட்டர் பால் கவரும் போதும், அடியிலும் பக்கத்திலும் ஆறேழு துளை போட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் குச்சியையும் ஒரே தொட்டியில் நடும் பழக்கம் உண்டு, வீடு மாறுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. பிரிக்கும்போது இளவேர்கள் அறுந்துபோகும். ஒரு பைக்கு ஒரு குச்சி.

நடுவது

உரக்கடையில் சூடோமோனாஸ் பொடி (அழுகல் கிருமியைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) வாங்கி லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, குச்சிகளின் அடியைப் பத்து நிமிடம் அதில் வையுங்கள். எடுத்து ஈரம் வடிந்ததும் வேர் ஊக்கிப் பொடியில் அடி ஒரு சென்டிமீட்டரை மட்டும் தோய்த்து, மிகுதியைத் தட்டிவிடுங்கள். ஐபிஏ என்று சொல்லப்படும் இன்டோல் பியூட்டிரிக் அமிலம் கலந்த பொடிதான் வேண்டும். உறையில் பாதி முற்றிய தண்டுக்கு என்று குறித்திருப்பதாக வாங்குங்கள். அப்பிக்கொண்டால் கூடுதல் வேர் வரும் என்று எண்ண வேண்டாம், அளவு மீறினால் தண்டின் அடி கருகும்.

கற்றாழைச் சோறு தடவுவது பரவலாக இருக்கிறது. அதனால் கெடுதல் இல்லை, ஊக்கிப் பொடி கிடைக்காத இடத்தில் செய்யலாம். பொடிக்கு ஈடாக அதை நம்பிவிடாதீர்கள். மல்லிகை ஊக்கி இல்லாமலும் ஓரளவு வேர்விடும், பொடி போட்டால் சீக்கிரமும் சீராகவும் விடும்.

கலவையை முதலில் நனைத்துப் பையில் நிரப்புங்கள். குச்சியை நேராகக் குத்தி இறக்கினால் பொடி மேலேயே உரசிப் போய்விடும், ஆகவே பென்சிலால் குழி போட்டுவிட்டு இறக்குங்கள். இரண்டு கணு உள்ளே, ஒன்றோ இரண்டோ வெளியே. சுற்றிலும் விரலால் அழுத்தி, பூவாளியால் ஒருமுறை தண்ணீர் தெளித்துவிடுங்கள். குச்சியை மெதுவாக இழுத்துப் பார்த்தால் ஆடக் கூடாது.

கூடாரமும் ஈரமும்

வேர் வரும்வரை குச்சிக்கு இலைவழியாக ஈரம் போகாமல் காப்பதே நம் வேலை. பைகளை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வரிசையாக வைத்து, நாலு மூலையில் குச்சி ஊன்றி, மேலே ஒளி புகும் வெள்ளை பாலித்தீன் தாளைப் போர்த்துங்கள். அடி வெட்டிய ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்தாலும் ஆகும். இலை தாளில் ஒட்டக் கூடாது.

வைக்கும் இடம் வெளிச்சமான நிழல். புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் ஒரு கீற்றுகூட விழக் கூடாது. மூடிய தாளுக்குள் வெயில் பட்டால் அரை மணி நேரத்தில் குச்சி வெந்துவிடும். வடக்கு பார்த்த பால்கனி, மாமரத்தடி, பாதி நிழல் தரும் பச்சை வலைக்குக் கீழே என்று எதுவும் சரி.

தினமும் காலையில் பத்து நிமிடம் திறந்துவைத்துவிட்டு மூடுங்கள். தாளின் உட்புறம் லேசாக வியர்த்திருந்தால் ஈரம் சரி. நீர் வழிந்து ஓடினால் அதிகம், இரண்டு நாள் கூடுதல் நேரம் திறந்துவையுங்கள். கலவையை ஒரு சிட்டிகை எடுத்துப் பிழிந்தால் விரல் ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தேவைப்படலாம், சில சமயம் அதுவும் தேவைப்படாது. உப்புப் போர்த் தண்ணீர் உள்ள இடங்களில் மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ பயன்படுத்துங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் கூடுதல், அதை ஊற்றாதீர்கள்.

துளிரை நம்ப வேண்டாம், வேரைப் பாருங்கள்

இரண்டாம் வாரம் கணுவிலிருந்து குட்டித் துளிர் எட்டிப்பார்க்கும். செடி பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து கூடாரத்தைப் பிரித்துவிடுவதால்தான் நிறையக் குச்சி வீணாகிறது. அந்தத் துளிர் தண்டில் சேர்ந்திருக்கும் சத்தில் வளர்வது. வேர் இன்னும் வந்திருக்காது. வெளிக்காற்று பட்டதும் அந்தச் சேமிப்பு தீர்ந்து துளிரோடு குச்சியும் கருகும்.

அடியில் முதலில் வெள்ளையாகத் திசு திரண்டு புண் ஆறும், இது இரண்டு மூன்று வாரம். அதன் பிறகுதான் வேர், நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள். குச்சியைப் பிடித்து மெல்ல இழுக்கும்போது மண் பிடித்து இழுப்பது தெரிந்தாலோ, பையின் துளையில் வெள்ளை நுனி தெரிந்தாலோ வேர் வந்துவிட்டது. தோண்டிப் பார்க்காதீர்கள், இளவேர் கண்ணாடிக் குச்சிபோல் ஒடியும்.

இந்தச் சமயத்தில் மொட்டு வந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள்.

என்ன தவறு நடக்கிறது என்பதைக் குச்சியே காட்டும். அடி கறுத்து வழவழப்பானால் ஈரம் மிகுதி அல்லது வடிகால் இல்லை. அந்தப் பையை உடனே அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றுக்கு ஒரு வாரம் தண்ணீரைக் குறையுங்கள். மேலே உள்ள இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பதற வேண்டாம். நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் குச்சி உயிரோடு இருக்கிறது. மேல்வெட்டிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால் காற்றில் ஈரம் போதவில்லை, தாளில் எங்கோ இடைவெளி இருக்கிறது. கலவை மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் உதிர்ந்த இலையை எடுத்துவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

பதியன்: தொட்டிக்குள்ளேயே போடுங்கள்

தாய்ச்செடியின் உணவிலேயே வேர்விடுவதால் பதியன் குச்சியைவிடப் பாதுகாப்பானது. நேரம் மட்டும் கூடுதல், எட்டு முதல் பன்னிரண்டு வாரம். வழக்கமாகத் தரையில்தான் பதியன் போடுவார்கள். வீடு மாறுகிறவர்கள் புதருக்குப் பக்கத்தில் 8 அங்குலத் தொட்டியை வைத்து அதற்குள் போட வேண்டும், பிறகு தோண்டும் வேலையே இருக்காது. செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சமபங்கு நிரப்புங்கள்.

தரையை ஒட்டி நீண்டு வளரும், ஒரு வயதுக்குட்பட்ட கொம்பை வளைத்து, தொட்டிக்குள் வரும் கணுவைப் பாருங்கள். அந்தக் கணுவின் அடிப்பக்கம் பட்டையை 2 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சீவுங்கள், தண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போக வேண்டாம். காயத்தில் வேர் ஊக்கிப் பொடி தடவி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, வளைத்த கம்பியால் குத்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். கொம்பு அசைந்தால் வேர் வராது, கல் அதற்குத்தான். நுனி 20 சென்டிமீட்டராவது வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். தொட்டி மண் காயவே கூடாது.

எட்டு வாரம் கழித்து, தாய்ப்பக்கக் கொம்பைப் பாதி மட்டும் வெட்டுங்கள். பத்து நாள் கழித்தும் நுனி வாடாமல் நின்றால் முழுதாக வெட்டிப் பிரிக்கலாம். பிரித்த பிறகு பயணத்துக்கு முன் ஒரு வாரமாவது அதே இடத்தில் இருப்பது நல்லது.

பழக்குவதும் மாற்றுவதும்

வேர்விட்ட குச்சிகளின் கூடாரத்தை ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதல் மூன்று நாள் காலை ஒரு மணி நேரம், அடுத்த மூன்று நாள் அரை நாள், பிறகு இரவும் திறந்து என்று ஒரு வாரம் பத்து நாளில் வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். அதன் பிறகு காலை இளவெயில். பெரிய தொட்டிக்கு மாற்றுவதைப் பயணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பை எடை குறைவு, கலவையும் ஆடாது.

கிளம்பும் நாள்

முந்தின மாலையே தண்ணீர் விடுங்கள், அன்று காலை வேண்டாம். பைகளை ஒரு அட்டைப்பெட்டியில் நெருக்கமாக நிறுத்தி, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். பெட்டியின் பக்கங்களில் நாலு துளை. திறந்த வண்டியில் சாமான்கள் மேல் வைத்தால் காற்று இலையை உலர்த்திவிடும், வீட்டுச் சாமான் ஏற்றும் பேக்கர்ஸ் நிறுவனங்கள் பலவும் செடிகளை ஏற்றுவதில்லை. நீங்கள் போகும் வாகனத்திலேயே காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

வெளிநாடு போகிறவர்கள் பெட்டிக்குள் குச்சியை மறைத்துக் கொண்டுபோக முயலாதீர்கள். தாவர நலச் சான்றிதழும் போய்ச்சேரும் நாட்டின் அனுமதியும் வேண்டும், மண்ணோடு கொண்டுபோவதைப் பல நாடுகள் அடியோடு தடுக்கின்றன. அங்கேயே நாற்றங்காலில் வாங்குவதுதான் நடைமுறை.

இரண்டே நாள் இருக்கும்போது

முன் சொன்ன பாதி முற்றிய கொம்புகளை 30 சென்டிமீட்டர் நீளமாக, கிளம்புவதற்குச் சற்று முன் வெட்டுங்கள். மேலே இரண்டு ஜோடி இலை தவிர மற்றதை எடுத்துவிட்டு, அடியைப் பிழிந்த ஈரத் துணியால் சுற்றி, மொத்தத்தையும் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் உருட்டி, பாலித்தீன் பையில் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். நிழலில் வைத்திருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், மல்லிகைக்குக் குளிர் ஆகாது. போய்ச் சேர்ந்ததும் அடியில் புது வெட்டு கொடுத்து, 15 சென்டிமீட்டருக்குக் குறைத்து நட்டுவிடுங்கள்.

கூடவே ஒரு கட்டுக் குச்சியைப் பக்கத்து வீட்டிலும் தெரு தள்ளி இருக்கும் உறவுக்காரர் வீட்டிலும் நட்டு வைக்கச் சொல்லுங்கள். உங்களுடையது பிழைக்காமல் போனால் அடுத்த மழைக்காலத்தில் போய்க் குச்சி வாங்கிவர ஓர் இடம் இருக்கும். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: கார்த்திகை மாதத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தால் அந்தப் புதர் அங்கேயே தொடர்ந்து பூக்கும்.

மல்லிகை அல்லாத செடி என்றால்

செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ மூன்றுக்கும் இதே முறை பொருந்தும். நந்தியாவட்டையும் அரளியும் வெட்டினால் பால் வடியும், வடிந்து நின்ற பிறகு நடுங்கள். அரளிப் பால் நஞ்சு, கையைக் கழுவிவிடுங்கள். மருதாணிக்குப் பென்சில் தடிமனில் நன்கு முற்றிய குச்சி வேண்டும். பன்னீர் ரோஜா குச்சியில் வரும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்கு மேலிருந்து மட்டுமே குச்சி எடுக்க வேண்டும், கீழிருந்து எடுத்தால் காட்டு ரோஜாதான் வளரும். கறிவேப்பிலைக்குக் குச்சி சரிவராது. மரத்தைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கும் பக்கக் கன்றை, அதன் வேர்த்துண்டோடு வெட்டி எடுத்து உடனே தொட்டியில் நடுங்கள்.

புது வீட்டில்

வந்த முதல் பத்து நாள் பைகளை வெளிச்சமான நிழலில் அப்படியே விடுங்கள். பிறகு செம்மண், மணல், மண்புழு உரம் சமபங்கு கலந்த 8 அங்குலத் தொட்டிக்கு, வேர்க்கட்டி உடையாமல் மாற்றுங்கள். தரையில் நடுவதற்கு மூன்று நான்கு மாதம் பொறுக்கலாம். அதற்குள் அந்த வீட்டில் எங்கே ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். வெயில் குறைந்த இடத்தில் மல்லிகை இலையாகவே வளரும். ஓரடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, பத்து கிலோ மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி நடுங்கள், செடிக்குச் செடி நாலடி இடைவெளி.

புது ஊரில் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒரு மாதத்தில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து, மாலையில் இலைமேல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள், புது இலை பச்சையாக வரும்வரை. நுனியை இரண்டு முறை கிள்ளி ஆறேழு கிளை வந்த பிறகே மொட்டை விட்டுவைக்கலாம்.